விசா தேவையில்லாத நாட்டுக்குச் சுற்றுலா: கிளம்புமுன் முடிக்க வேண்டிய வேலைகள்

விசா தேவையில்லை என்று ஒரு நாடு அறிவித்துவிட்டால், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று பொருளில்லை. திரும்பிப் போவீர்களா, கையில் பணம் இருக்கிறதா, எங்கே தங்குவீர்கள் என்று தூதரகம் நாட்கணக்கில் அலசிப் பார்க்கும் அதே விஷயங்களை, செக்-இன் கவுண்டரில் ஒருவரும் இமிகிரேஷன் கவுண்டரில் இன்னொருவரும் ஓரிரு நிமிடத்தில் பார்த்து முடிவெடுப்பார்கள். தூதரகம் மறுத்தால் விண்ணப்பக் கட்டணம் போகும். கவுண்டரில் மறுத்தால் டிக்கெட், ஓட்டல், விடுப்பு எல்லாம் சேர்ந்து போகும். அதனால் தூதரகத்துக்குத் தயாராவதுபோலவே இதற்கும் தயாராக வேண்டும். சுற்றுலாவாகக் குறுகிய காலம் போகிறவர்களுக்கு மட்டுமே இந்தக் கட்டுரை. படிப்பு, வேலை, குடியேற்றம் எல்லாம் வேறு கதை.

1. எந்த வகை விலக்கு என்று முதலில் பாருங்கள்

'விசா வேண்டாம்' என்று பேச்சில் சொல்லப்படுவது நான்கு வகையாக இருக்கலாம். முதல் வகை முழு விலக்கு: பாஸ்போர்ட்டோடு போய் இறங்கலாம். இரண்டாவது, போய் இறங்கிய பிறகு விமான நிலையத்தில் பணம் கட்டி வாங்கும் விசா. இந்தோனேசியாவில் இதற்கு 5,00,000 ரூபியா. மூன்றாவது இ-விசா, வீட்டிலிருந்தபடி இணையத்தில் வாங்கினாலும் அது விசாதான், நிராகரிக்கவும் செய்வார்கள். நான்காவது முன் அனுமதி: விசா விலக்கு உண்டு, ஆனால் விமானம் ஏறுமுன் இணையத்தில் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். அமெரிக்காவின் எஸ்டா, பிரிட்டனிலும் கனடாவிலும் உள்ள இடிஏ எல்லாம் இந்த வகை.

விலக்கு என்பது உங்கள் பாஸ்போர்ட்டுக்குத்தான், நீங்கள் குடியிருக்கும் ஊருக்கு இல்லை. ஒரே நாட்டில் ஒரே வீட்டில் வாழும் கணவனுக்கு விலக்கு இருக்கும், வேறு பாஸ்போர்ட் வைத்திருக்கும் மனைவிக்கு இருக்காது. குடும்பமாகப் போகிறவர்கள் ஒவ்வொருவரின் பாஸ்போர்ட்டுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

செய்தித் தலைப்பை மட்டும் படித்துவிட்டு டிக்கெட் போடாதீர்கள். 'இரு நாடுகளிடையே விசா விலக்கு ஒப்பந்தம்' என்று வரும் செய்திகளில் பல, தூதரக மற்றும் அரசு அலுவல் பாஸ்போர்ட்டுகளுக்கு மட்டுமானவை. சாதாரண பாஸ்போர்ட்டுக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. சில விலக்குகள் முடிவுத் தேதியோடு வருகின்றன. மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்குக் கொடுத்த 30 நாள் விலக்கு அப்படி வந்து, பிறகு நீட்டிக்கப்பட்டது. நீங்கள் இறங்கும் தேதியில் விலக்கு நடைமுறையில் இருக்குமா என்பதே கேள்வி. டிக்கெட் வாங்கும் தேதியில் இருந்தால் போதாது.

நீங்கள் முன்பு போய்வந்த ஊர்களும் குறுக்கே வரலாம். அமெரிக்க விசா விலக்குத் திட்டத்தில் உள்ள நாட்டின் குடிமகனாகவே இருந்தாலும், 2011 மார்ச் 1-க்குப் பிறகு ஈரான், ஈராக், சிரியா போன்ற நாடுகளுக்குச் சுற்றுலா போய்வந்திருந்தால் எஸ்டா கிடைக்காது. முறையான விசாவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

2. பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்

காலாவதித் தேதி இன்னும் வரவில்லை என்பதற்காகப் பாஸ்போர்ட் செல்லும் என்று நினைத்துவிடாதீர்கள். தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா ஆகியவை நீங்கள் போய்ச் சேரும் நாளிலிருந்து ஆறு மாதம் செல்லுபடி இருக்க வேண்டும் என்கின்றன. ஐரோப்பாவில் ஒரே நுழைவு விதியின்கீழ் இயங்கும் ஷெங்கன் நாடுகளுக்கு நீங்கள் வெளியேறும் நாளிலிருந்து மூன்று மாதம் போதும். ஆனால் அங்கே இன்னொரு நிபந்தனை உண்டு: நீங்கள் நுழையும் நாளில் பாஸ்போர்ட் வழங்கப்பட்டுப் பத்து ஆண்டுகள் கடந்திருக்கக் கூடாது. பழைய பாஸ்போர்ட்டில் மிச்சமிருந்த மாதங்களைப் புதியதில் கூட்டித் தந்த நாடுகள் உண்டு. அந்தப் பாஸ்போர்ட்டில் காலாவதித் தேதி சரியாகவே தெரியும். வழங்கிய தேதியில்தான் மாட்டிக்கொள்வீர்கள்.

அடுத்து வெற்றுப் பக்கங்கள். எதிரெதிராக இரண்டு பக்கமாவது காலியாக இருந்தால் பெரும்பாலும் பேச்சு வராது. தையல் விட்டது, புகைப்படப் பக்கத்தில் ஈரம் புகுந்து உப்பியது, ஓரம் கிழிந்தது எல்லாம் 'சேதமடைந்த பாஸ்போர்ட்' கணக்கில் சேரும். மாச்சு பிச்சு போன்ற சுற்றுலாத் தலங்களில் ஆசையாகக் குத்தித் தரும் நினைவு முத்திரைகளை நோட்டுப் புத்தகத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் அரசு முத்திரை தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது.

பெயர் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. புகைப்படப் பக்கத்தின் அடியில் அம்புக்குறிகள் நிறைந்த இரண்டு வரிகள் இருக்கும், வரிக்கு 44 எழுத்து. இயந்திரம் படிப்பது அதைத்தான். டிக்கெட்டிலும் இணையப் படிவத்திலும் பெயர் அதில் இருப்பதுபோலவே இருக்க வேண்டும். தலைப்பெழுத்தை மட்டும் போடுவது, அப்பா பெயரை விட்டுவிடுவது, முன்பெயரையும் குடும்பப் பெயரையும் இடம் மாற்றுவது எல்லாம் கவுண்டரில் வம்பு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாக இருப்பவர்களுக்குக் கூடுதல் வேலை உண்டு: டிக்கெட் வாங்குமுன் அந்த விமான நிறுவனம் ஒற்றைப் பெயரை எப்படி எழுதச் சொல்கிறது என்று கேளுங்கள். சிலர் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்வார்கள், சிலர் வேறு விதம். போகும் நாடு ஒற்றைப் பெயரை ஏற்கிறதா என்பதையும் பாருங்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு வரும் சுற்றுலாப் பயணிகளை ஏற்க மறுத்தபோது ஏராளமானோர் அலைந்தார்கள்.

பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டியிருந்தால் டிக்கெட்டுக்கு முன்னால் அதை முடியுங்கள்.

3. முன் அனுமதியும் வருகை அட்டையும்

இரண்டும் வேறு வேறு. முன் அனுமதி என்பது விமானம் ஏறுவதற்கான ஒப்புதல், பெரும்பாலும் பணம் கட்ட வேண்டும். வருகை அட்டை, முன்பு விமானத்தில் பேனா தேடி நிரப்பிய காகிதத்தின் இணைய வடிவம்.

முன் அனுமதிக்கான கட்டணங்கள் ஏறிக்கொண்டே இருக்கின்றன. எஸ்டா 21 டாலராக இருந்து 2025 செப்டம்பர் 30 முதல் 40 டாலரைத் தொட்டது. பிரிட்டனின் இடிஏ 10 பவுண்டில் தொடங்கி 2025 ஏப்ரலில் 16 பவுண்டானது. கனடாவின் இடிஏ 7 கனடிய டாலர். செல்லுபடிக் காலம் எஸ்டாவுக்கும் பிரிட்டன் இடிஏவுக்கும் இரண்டு ஆண்டு, கனடாவுக்கு ஐந்து ஆண்டு. இவை பாஸ்போர்ட் எண்ணோடு கட்டப்பட்டவை. பாஸ்போர்ட் மாறினால் அனுமதியும் செத்தது. மிச்சம் எத்தனை மாதம் இருந்தாலும் புதிதாக வாங்க வேண்டும்.

பல அனுமதிகள் சில நிமிடங்களிலேயே வந்துவிடும் என்பதால் கடைசி நாள்வரை தள்ளிப்போடத் தோன்றும். தள்ளாதீர்கள். எஸ்டாவுக்கு அதிகாரபூர்வ அறிவுரையே 72 மணி நேரத்துக்கு முன் விண்ணப்பிக்கச் சொல்கிறது; நான் இரண்டு மூன்று வாரம் முன்பே முடித்துவிடச் சொல்வேன். நிராகரித்தால் விசாவுக்கு விண்ணப்பிக்கவோ ஊரை மாற்றவோ அவகாசம் வேண்டும். பாஸ்போர்ட் எண்ணைத் தட்டும்போது ஓ என்ற ஆங்கில எழுத்தையும் பூஜ்ஜியத்தையும், ஐ என்ற எழுத்தையும் ஒன்றாம் எண்ணையும் கவனித்துப் பாருங்கள். தவறான எண்ணுக்கு ஒப்புதல் கிடைத்தாலும் அது உங்களுக்கான ஒப்புதல் அல்ல.

வருகை அட்டையில் சிக்கல் நேர்மாறானது. முன்கூட்டியே நிரப்ப முடியாது. மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து மூன்றும் வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள்தான் ஏற்கின்றன. தாய்லாந்தில் பழைய காகித அட்டைக்குப் பதிலாக 2025 மே 1 முதல் இது கட்டாயம். கிளம்பும் தேதியை எழுதாமல் அங்கே இறங்கும் தேதியை எழுதுங்கள். நள்ளிரவைத் தாண்டிப் பறக்கும் விமானங்களில் இந்த இரண்டும் வேறாகிவிடும்.

இங்கேதான் இடைத்தரகர்கள் கடை விரித்திருக்கிறார்கள். தேடுபொறியில் முதலில் வருவது பெரும்பாலும் விளம்பரம். அரசு இலச்சினையைப் போலவே ஒன்றைப் போட்டு, இலவச அட்டைக்கு 50, 60 டாலர் கேட்பார்கள். மேலே சொன்ன மூன்று நாடுகளின் வருகை அட்டைக்கும் ஒரு காசு கட்டணம் கிடையாது. கிரெடிட் கார்டு எண் கேட்கும் பக்கம் வந்தால் மூடிவிட்டு, அந்நாட்டுத் தூதரகத் தளத்துக்குப் போய் அங்குள்ள இணைப்பைப் பிடியுங்கள்.

4. திரும்பும் டிக்கெட்

விசா இல்லாத பயணிகளை அதிகம் தடுத்து நிறுத்துவது இதுதான். ஒருவழி டிக்கெட்டோடு வருபவரை அந்நாடு விடுமோ விடாதோ, விமான நிறுவனமே ஏற்றத் தயங்கும். காரணம் எளிது: உள்ளே விட மறுக்கப்பட்டவரைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வரும் பொறுப்பு அவரைக் கொண்டுவந்த நிறுவனத்தினுடையது, பல நாடுகளில் மேலே அபராதமும் உண்டு.

திரும்பும் டிக்கெட்டின் தேதி, அனுமதிக்கப்பட்ட நாட்களுக்குள் இருக்க வேண்டும். 30 நாள் விலக்கில் போய்விட்டு 45-ஆம் நாள் டிக்கெட்டைக் காட்டினால், அதிக நாள் தங்கப்போவதாக நீங்களே எழுதிக் கொடுத்ததுபோல ஆகும். போய்ப் பார்த்து நீட்டித்துக்கொள்ளலாம் என்ற கணக்கெல்லாம் கவுண்டரில் எடுபடாது.

சொந்த ஊருக்கேதான் திரும்ப வேண்டும் என்பதில்லை, மூன்றாவது நாட்டுக்குப் போகும் டிக்கெட்டும் பெரும்பாலும் போதும். அந்த மூன்றாவது நாட்டில் நுழைய உங்களுக்குத் தகுதி இருக்க வேண்டும் என்பது உட்கிடை. அமெரிக்காவில் இதற்கும் விதிவிலக்கு: விசா விலக்கில் போகிறவரின் பயணம் கனடா, மெக்சிகோ அல்லது அருகிலுள்ள தீவுகளில் முடியக் கூடாது, அங்கே வசிப்பவராக இருந்தாலன்றி. விலக்கு தரும் 90 நாள் எல்லை முடியும்போது கனடாவுக்கு ஓர் எட்டு போய்வந்து புதிதாகத் தொடங்கலாம் என்பதும் நடக்காது. அந்த நாட்களும் அதே 90-இல் சேரும்.

தரைவழியாக வெளியேறும் திட்டமா? பஸ் அல்லது ரயில் டிக்கெட்டை ஏற்பதா வேண்டாமா என்பது கவுண்டரில் இருப்பவர் கையில். அந்த நிச்சயமின்மை பிடிக்காவிட்டால், முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் வகை விமான டிக்கெட் ஒன்றை வாங்கிப் பிறகு ரத்து செய்யலாம். ரத்து நிபந்தனையை வரிவரியாகப் படித்த பிறகு. காசு கொடுத்தால் 'காட்டுவதற்கு மட்டும்' முன்பதிவு தருகிறோம் என்பவர்களிடம் போக வேண்டாம் என்பதே என் கருத்து. பணம் கட்டாத முன்பதிவு ஓரிரு நாளில் தானாக அழிந்துவிடும். அதிகாரி அந்த எண்ணைத் தட்டிப் பார்த்து ஒன்றும் வராவிட்டால், டிக்கெட் இல்லாதவராக இருந்த நீங்கள் பொய் ஆவணம் காட்டியவராகிவிடுவீர்கள்.

5. தங்குமிடமும் பணமும்

முதல் சில இரவுகளுக்காவது உறுதியான முன்பதிவு வேண்டும். முகவரி, தொலைபேசி எண், உங்கள் பெயர் மூன்றும் தெரியும்படி அச்சிட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பேர் போகும்போது முன்பதிவு ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால், மற்றவர் தனி வரிசையில் மாட்டும்போது கையில் ஒன்றும் இருக்காது. ஓட்டலுக்கு மின்னஞ்சல் அனுப்பி இரண்டு பெயரையும் சேர்க்கச் சொன்னால் சேர்த்துத் தருவார்கள்.

உறவினர் வீட்டில் தங்குவதானால் அவருடைய முழுப் பெயர், முகவரி, அங்கே வசிக்கும் உரிமைக்கான அட்டையின் நகல், ஒரு கடிதம் ஆகியவை வேண்டும். சில நாடுகளில் வெறும் கடிதம் போதாது. பிரான்சில் தனியார் வீட்டில் தங்குபவருக்காக, அழைப்பவர் தன் ஊர் நகரமன்றத்தில் விண்ணப்பித்துச் சான்று வாங்கி அனுப்ப வேண்டும். விசா விலக்குள்ளவர்களுக்கும் இது பொருந்தும். கட்டணம் 30 யூரோ. வர வாரக்கணக்கில் ஆகலாம், அசல் தபாலில் வந்து சேர வேண்டும். அதனால் பயணத் திட்டம் போட்ட உடனேயே கேட்டுவிடுங்கள்.

பணத்துக்கு அண்மைய மூன்று மாத வங்கி அறிக்கை, கிரெடிட் கார்டு, கொஞ்சம் ரொக்கம். கட்டாகப் பணம் கொண்டுபோவது நம்பிக்கை தருவதைவிடச் சந்தேகத்தையே அதிகம் கிளப்பும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 10,000 யூரோவிலிருந்தும், அமெரிக்காவில் 10,000 டாலரைத் தாண்டினாலும் சுங்கத்தில் எழுதிக் கொடுத்தாக வேண்டும். பயணக் காப்பீடு, ஷெங்கனில் விசா வாங்குபவருக்குத்தான் 30,000 யூரோ அளவில் கட்டாயம். விலக்கில் போகிறவர் இல்லாமலும் போகலாம். ஆனால் வெளியூரில் ஓர் இரவு மருத்துவமனையில் படுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

6. நாட்களை விரல்விட்டு எண்ணுங்கள்

முப்பது நாள் என்றால் ஒரு மாதம் இல்லை. பெரும்பாலான நாடுகளில் இறங்கும் நாளே முதல் நாள். மார்ச் 10 அன்று இறங்கினால் முப்பதாவது நாள் ஏப்ரல் 8. விமானம் ஏப்ரல் 9 அதிகாலை 12:40-க்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டாம் தேதி இரவு பத்தரைக்கு இமிகிரேஷனைக் கடந்தால் சரி. வரிசையில் நின்று பன்னிரண்டைத் தாண்டினால் ஒரு நாள் அதிகம் தங்கியவர் ஆவீர்கள். தாய்லாந்தில் அதற்கு நாளொன்றுக்கு 500 பாட், உச்சவரம்பு 20,000. இந்தோனேசியாவில் நாளொன்றுக்குப் பத்து லட்சம் ரூபியா. பணத்தோடு போனால் பரவாயில்லை, அடுத்த முறை அந்தப் பதிவு திரையில் வந்து நிற்கும். இரண்டு நாள் இடைவெளி விட்டே டிக்கெட் போடுங்கள். விமானம் ரத்தாவதும் உண்டு.

ஷெங்கன் கணக்கில்தான் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். விதி: எந்த ஒரு நாளிலிருந்தும் பின்னோக்கிப் பார்த்தால், அந்த 180 நாட்களில் மொத்தம் 90 நாளுக்குமேல் இருந்திருக்கக் கூடாது. 29 நாடுகளுக்கும் சேர்த்து ஒரே கணக்கு. பிரான்சிலிருந்து இத்தாலிக்குப் போனால் புதிதாகத் தொடங்காது. வந்த நாள், போன நாள் இரண்டும் சேரும். 2025 ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை தங்கியவருக்கு 90 நாளும் தீர்ந்தது; அவர் மறுபடி காலடி வைக்கக்கூடிய முதல் நாள் ஜூன் 30. துண்டு துண்டாகப் போய்வந்தவர்கள் மனக்கணக்குப் போடாமல், ஐரோப்பிய ஆணையத் தளத்தில் உள்ள கணக்கிடும் கருவியில் தேதிகளைப் போட்டுப் பாருங்கள். 2025 அக்டோபர் 12 முதல் அங்கே முத்திரைக்குப் பதிலாக விரல்ரேகையும் முகப்படமும் எடுத்துப் பதியும் முறை தொடங்கிவிட்டது. மங்கலான முத்திரையைக் காட்டி வாதாடும் காலம் முடிந்தது, கணினி தானே எண்ணும்.

7. வழியில் இறங்கும் ஊர்

போகும் நாட்டுக்கு விசா வேண்டாம், இடையில் விமானம் மாறும் நாட்டுக்கு வேண்டும் என்ற நிலை வரலாம். அமெரிக்காவில் வெளியே போகாமல் விமானம் மாற வசதியே இல்லை. இரண்டு மணி நேரம் நின்றாலும் முறைப்படி நாட்டுக்குள் நுழைந்தாக வேண்டும், எஸ்டாவோ விசாவோ இல்லாமல் முடியாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று இரண்டு தனித்தனி டிக்கெட் வாங்கினால், பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வெளியே வர வேண்டியிருக்கும்; அதுவும் நுழைவுதான். டோக்கியோவில் நரிடாவில் இறங்கி ஹனேடாவில் ஏறுவது, லண்டனில் ஹீத்ரோவில் இறங்கி கேட்விக்கில் ஏறுவது, பாங்காக்கில் சுவர்ணபூமியிலிருந்து டான் மியாங்குக்கு ஓடுவது எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடு வழியாகப் போனால் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். சான்று ஆயுள் முழுவதும் செல்லும், ஆனால் ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் நடைமுறைக்கு வரும்.

8. செக்-இன் கவுண்டர்

இணையத்தில் செக்-இன் முடித்திருந்தாலும் 'ஆவணச் சரிபார்ப்பு' என்று கவுண்டருக்கு அனுப்புவார்கள். மூன்று மணி நேரம் முன்பே போய்விடுங்கள். ஊழியர் பார்ப்பது டைமேட்டிக் என்ற தரவுத்தளத்தை. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் நடத்துவது. உங்கள் குடியுரிமை, போகும் நாடு, தங்கும் நாட்கள் ஆகியவற்றைத் தட்டினால் என்னென்ன வேண்டும் என்று வரும். பல விமான நிறுவனங்களின் தளத்தில் அதே தகவலைப் பயணிகளும் பார்க்கலாம். கிளம்புவதற்கு முந்தைய நாள் பார்த்து அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இத்தனை வற்புறுத்துகிறேன் என்றால், ஒரு முறை கவுண்டரில் இருந்தவர் எனக்கு விசா இருந்தே ஆக வேண்டும் என்று அடித்துச் சொன்னார். விலக்கு வந்த செய்தி அவருக்கு எட்டவில்லை. குரலை உயர்த்திப் பயனில்லை. மேற்பார்வையாளரை அழைத்துத் திரையில் தேடிப் பார்க்கச் சொன்னேன். அவர் ஒரு விரலால் மெதுவாகத் தட்டி, தலையைச் சாய்த்துப் படித்து, ஒன்றும் பேசாமல் போர்டிங் பாஸை நீட்டினார். அதற்குள் எனக்குப் பின்னால் இருந்த வரிசை முழுவதும் போய்விட்டிருந்தது.

எல்லா ஆவணங்களும் காகிதத்தில் ஒரு கோப்பில் இருக்கட்டும், கைப்பேசியில் இன்னொரு நகல். அந்தக் கோப்பைச் சரக்குப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள்.

9. இமிகிரேஷன் கவுண்டர்

முன் அனுமதி கிடைத்துவிட்டது என்பது உள்ளே விடுவதற்கான உத்தரவாதம் அல்ல. கடைசி முடிவு எதிரில் இருக்கும் அதிகாரியுடையது. கேள்விகள் சாதாரணமானவை: எதற்கு வந்தீர்கள், எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள், என்ன வேலை செய்கிறீர்கள். கேட்டதற்கு மட்டும், ஒரு வரியில், உண்மையைச் சொல்லுங்கள். பதற்றத்தில் வாழ்க்கை வரலாற்றை ஒப்பிப்பவர்கள்தான் இரண்டாம் கட்ட விசாரணை அறைக்குப் போகிறார்கள்.

'வேலை' என்ற சொல்லில் எச்சரிக்கை தேவை. நண்பரின் கடையில் உதவுவது, தங்க இடம் கொடுத்தால் பதிலுக்குப் பண்ணையில் கை கொடுப்பது, குழந்தையைப் பார்த்துக்கொள்வது எல்லாம் சம்பளம் இல்லாவிட்டாலும் பல நாடுகளில் வேலைதான். அப்படித் திட்டமிருந்தால் சுற்றுலா விலக்கில் போகவே கூடாது. கைப்பேசியைத் திறந்து பார்க்கும் அதிகாரம் அமெரிக்க எல்லை அதிகாரிகள் போன்றவர்களுக்கு உண்டு. அதில் நீங்கள் எழுதியிருப்பதும் வாயால் சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

குழந்தையோடு பெற்றோரில் ஒருவர் மட்டும் போனால், மற்றவரின் ஒப்புதல் கடிதமும் பிறப்புச் சான்றும் கையில் வேண்டும். மருந்துகளுக்கு மருத்துவர் சீட்டு. ஜப்பானில் சூடோஎபிட்ரின் பத்து விழுக்காட்டுக்கு மேல் உள்ள சளி மாத்திரைக்கே தடை. சிங்கப்பூருக்கும் தாய்லாந்துக்கும் மின்சிகரெட்டைக் கொண்டுபோகாதீர்கள்.

முத்திரை குத்தினால், நகருமுன் அங்கேயே நின்று தேதியைப் படியுங்கள். அதிகாரி எழுதிய கடைசித் தேதிதான் சட்டம், நீங்கள் எதிர்பார்த்த எண்ணிக்கை அல்ல. தவறாக இருந்தால் அந்த நிமிடமே கேளுங்கள். வெளியே போய்விட்டால் திருத்துவது பெரும்பாடு. தரைவழி எல்லைகளில் பஸ் கிளம்பும் அவசரத்தில் முத்திரை வாங்காமல் நடந்துவிடாதீர்கள். உள்ளே வந்த பதிவு இல்லாமல் வெளியேறும்போது விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

10. உள்ளே விட மறுத்தால்

கத்தவும் கெஞ்சவும் வேண்டாம். காரணத்தை எழுத்தில் கேளுங்கள், மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் கேளுங்கள், புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், உங்கள் நாட்டுத் தூதரகத்தோடு பேச வேண்டும் என்று சொல்லுங்கள். அமெரிக்காவுக்கு விசா விலக்கில் போகிறவர்கள், அதிகாரியின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமையைப் பெரும்பாலும் முன்பே விட்டுக்கொடுத்துத்தான் ஏறுகிறார்கள். அதனால் அங்கே வாதாடி ஆகப்போவது குறைவு. நானாகவே திரும்பிப் போகிறேன் என்று சொல்ல அனுமதி தந்தால், அதை ஏற்பது பெரும்பாலும் நல்லது.

பிறகு நிரப்பும் படிவங்களில் 'எந்த நாட்டிலாவது நுழைவு மறுக்கப்பட்டதா' என்ற கேள்வி வரும்போது ஆம் என்றே எழுதி, எழுத்தில் வாங்கிய காரணத்தாளை இணையுங்கள். மறுப்பை விளக்கிவிடலாம், மறைத்தது தெரிந்தால் விளக்க முடியாது.

11. வெளியேறும்போது

வெளியேறும் முத்திரை அல்லது பதிவு விழுந்ததா என்று பாருங்கள். போர்டிங் பாஸின் காகிதத்தைக் கிழித்துப் போடாமல் ஓராண்டாவது வைத்திருங்கள். கணினிப் பதிவு விட்டுப்போனால், நீங்கள் நேரத்தில் கிளம்பியதற்கு அந்தத் துண்டும் அடுத்த நாட்டின் நுழைவு முத்திரையும்தான் சாட்சி.